எதையும் நினைக்காதீங்க

"எதையும் நினைக்காதீங்கய்யா," என்றாள் அந்தப் பெண். "கண்ணைத் தெறந்து வச்சுக்கிட்டு மேல தெரியிற கூட்டல் குறிய மட்டும் பாத்துக்கிட்டு இருங்க. தூங்கிறக் கூடாது. ஆடக் கூடாது. மத்தபடி சும்மா இருங்க. அவ்வளவுதான்."

சும்மா இருப்பது லேசு என்று இவளுக்கு யார் சொன்னது. குருவையா பதில் பேசவில்லை. பேசினால் தாடை ஆடும், ஆடினால் மறுபடி முதலிலிருந்து என்று ஏற்கெனவே மிரட்டி வைத்திருந்தார்கள். தலையை ஒரு கூண்டுக்குள் பூட்டி, காதில் பஞ்சடைத்து, அதற்கு மேல் ஒரு மூடியும் வைத்து, முடியாவிட்டால் அமுக்குங்கள் என்று கையில் ஒரு ரப்பர் பந்தையும் கொடுத்து, பேக்கரி அடுப்புக்குள் தட்டைத் தள்ளுகிற மாதிரி உள்ளே தள்ளிவிட்டுப் போய்விட்டாள். மூக்குக்கு நேர் மேலே வெள்ளை வளைவு. சின்னக் கண்ணாடி. அதில் ஒரு கூட்டல் குறி. இடுப்பு காலியாக இருந்தது. குளிரை விட அதுதான் முதலில் உறைத்தது. அரைஞாண் கயிறு இல்லை. வெள்ளி, உலோகம், உள்ளே ஆகாது என்றாள். கழற்ற வராது, கொக்கியைப் பற்றவைத்தே பல வருடமாகிவிட்டது என்றார். அப்ப வெட்டிருவோம்யா என்று சாதாரணமாகச் சொன்னாள். அதை எப்ப வெட்டுவாய்ங்கன்னு தெரியுமா ஒனக்கு என்று கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. மகன் ஜெயக்கொடிக்குத் தெரியும், அவன் தலையைக் குனிந்துகொண்டான். குளிப்பாட்டிக் கிடத்தும்போதுதான் வெட்டுவார்கள். கடைசியில் எங்கிருந்தோ ஒரு குறடு வந்தது. மகன்தான் வெட்டினான். அப்பனுக்குச் செய்ய வேண்டியதில் ஒன்றை முன்கூட்டியே முடித்துவிட்டான், கெட்டிக்காரப் பயல். வெட்டி முடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "வீட்டுக்குப் போனதும் புதுசு வாங்கிருவோம்ப்பா" என்றான். கட்டியிருந்த இடத்தில் தோல் பள்ளமாகக் கிடக்கும். அங்கே அரித்தது. சொறிய முடியாது. கூட்டல் குறியைப் பார். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். டக்டக்கென்று மிஷின் ஆரம்பித்தது. தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற சத்தம், பிறகு நின்று ஒரு முனகல், பிறகு மறுபடி ஆலங்கட்டி. போன வருடமும் இதே சத்தமா? போன வருடம் அரைஞாணை என்ன செய்தார்கள்? அப்போது கயிறுதானே கட்டியிருந்தேன். இல்லை, வெள்ளிதான். பற்றவைத்தது எப்போது? வேறு ஆஸ்பத்திரியோ என்னவோ. விடு. பெண்சாதி வெள்ளத்தாயிடம் கேட்டால் சொல்வாள். எல்லாவற்றுக்கும் அவளைக் கேட்டால் சொல்வாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. கண் போன பிறகு அப்படித்தான் உட்காருகிறாள்.

எதையும் நினைக்காதே என்றால் எல்லாம் வந்து நிற்கிறது, கோர்ட்டு வாசலில் திங்கட்கிழமை ஜனம் நிற்கிற மாதிரி. முப்பத்து நாலு வருடம் பெரியகுளம் முன்சீப் கோர்ட்டில் டவாலி. வெள்ளை உடுப்பு, குறுக்கே சிவப்புப் பட்டை, பித்தளை வில்லை. வேலை, பேர் கூப்பிடுவது. உள்ளே குமாஸ்தா வழக்கை எடுத்ததும் வாசலுக்கு வந்து வாதி பேரை மூன்று தடவை, பிரதிவாதி பேரை மூன்று தடவை. மைக்கு கிடையாது. புளியமரத்தடி வரைக்கும் போக வேண்டும் குரல், சில பேர் அதையும் தாண்டி டீக்கடையில் இருப்பார்கள். ஆள் வந்தால் வழக்கு நடக்கும். வராவிட்டால் எக்ஸ்பார்ட்டி, ஒருதலைத் தீர்ப்பு, எழுந்து போக வேண்டியதுதான். லட்சுமிபுரம் அழகுத்தேவர் மகன் பொம்மையன். தாமரைக்குளம் மூக்கையா பெண்சாதி வீராயி. ஜெயமங்கலம் சவுந்தரராஜ நாயக்கர். ஒரே வரப்புக்குப் பதினெட்டு வருடம் வந்தார் சவுந்தரராஜ நாயக்கர், கடைசியில் வரப்பையும் ஆற்று வெள்ளம் கொண்டுபோய்விட்டது, அதற்கப்புறமும் வாய்தாவுக்கு வந்தார், வீட்டில் இருந்தால் பொழுது போகவில்லை என்று. எல்லாம் வருகிறது. பேர், ஊர், அப்பன் பேர், வேட்டியின் கரை. மருமகள் பேர் வரவில்லை. ஜெயக்கொடி பெண்சாதி. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறாள். இடது புருவத்தில் ஒரு தழும்பு. ரசத்தில் பூண்டைத் தட்டிப் போடாமல் அரைத்து ஊற்றுவாள். கல்யாணப் பத்திரிகையில் அவள் பேர் எந்த இடத்தில் இருந்தது என்றுகூடத் தெரிகிறது, மஞ்சள் தடவிய மூலைக்குக் கீழே. அந்த இடம் தெரிகிறது, எழுத்து இல்லை. தி-யில் ஆரம்பிக்கும். இல்லை, அது மகள் வளர்மதியோட நாத்தனார். ச-வா. கூப்பிட்டுப் பார்க்கலாம் என்றால் கூப்பிடுவதற்கே பேர் வேண்டும். காலையில் கூட அவள் போன் பேசினாள். "நல்லாருக்கீங்களா மாமா." நல்லாருக்கேன்மா. அம்மா என்று சொல்லிவிட்டால் போதும், பேர் வேண்டாம். நாலு மாதமாக எல்லாப் பெண்களும் அம்மாதான், எல்லா ஆண்களும் தம்பிதான். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. டவாலிக்கு மரியாதை தெரிந்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

"ஐயா, நல்லா இருக்கீங்களா? கால் ஆடுது. ஆட்டாதீங்க. இன்னும் கொஞ்ச நேரந்தான்." காதுமூடிக்குள் அந்தப் பெண்ணின் குரல்.

காலா ஆடியது? தெரியவில்லை. நிறுத்தியாயிற்று. கூட்டல் குறி. டாக்டரம்மா சின்ன வயது, நல்ல மாதிரி, அவசரப்படாமல் பேசுவாள், அதுதான் இவருக்குப் பிடிக்காது. சட்டென்று சொல்லித் தொலைக்க மாட்டாள். போன வருடப் படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினாள், சாம்பல் நிறத்தில் அக்ரூட் பருப்பு மாதிரி ஒன்று, அதன் மேல் சிவப்பும் நீலமுமாகக் கோடுகள். "மூளை பெருசாச் சுருங்கலைங்கய்யா. எடமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஒரு எடத்துக்கும் இன்னொரு எடத்துக்கும் உள்ள தொடர்புதான் கொறையுது. சும்மா இருக்கும்போது இந்த எடங்கள் தமக்குள்ள பேசிக்கிட்டே இருக்கும். அதத்தான் இதுல பாக்குறோம்." மறதி நோய் என்று பேர் வைக்க மாட்டாளாம். அதற்கு முந்தின படியாம். சிலர் அந்தப் படியிலேயே நின்றுவிடுவார்களாம், சிலர் இறங்குவார்களாம். இந்தப் படம் ஆராய்ச்சிக்குத்தான், தீர்ப்பு ஒன்றும் இல்லையாம். தீர்ப்பு எது, தீர்ப்பு இல்லாதது எது என்று எனக்குத் தெரியும்மா. ஆனால் அவள் சொன்னது புரிந்தது. உள்ளே நீதிபதி இருக்கிறார். வெளியே மரத்தடியில் பொம்மையன் வெற்றிலை போட்டுக்கொண்டு இருக்கிறான். இரண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை. நடுவில் குரல் போகவில்லை. வழக்கு போய்விட்டது. இன்னொன்றும் சொன்னாள். சில இடங்களுக்கு நடுவில் தொடர்பு இந்த வயதில் இருக்க வேண்டியதைவிட அதிகமாக இருக்கிறதாம். ஜெயக்கொடி முகம் மலர்ந்துவிட்டது. "அதிகம்னா நல்லதுதானங்க டாக்டர்?" அவள் இவர் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "மூளை ஈடுகட்டப் பாக்குது. கொஞ்ச காலத்துக்கு அப்படி ஓடும்." ஆள் வரவில்லை என்றால் டவாலி என்ன செய்வான், இன்னும் சத்தமாகக் கத்துவான். அடித் தொண்டையிலிருந்து, நரம்பு புடைக்க. சத்தம் கூடிவிட்டது என்பதற்காக ஆள் வந்துகொண்டிருக்கிறான் என்று அர்த்தம் இல்லை. அதை மகனிடம் சொல்லவில்லை. சந்தோஷப்படட்டும், பாவம்.

இன்று காலையில் நடந்த கூத்துக்கு அந்தச் சந்தோஷமும் போய்விட்டது. போன தடவை ஐந்து வார்த்தை சொல்லி, கொஞ்ச நேரம் வேறு கேள்வியெல்லாம் கேட்டுவிட்டு, அந்த ஐந்தையும் திருப்பிச் சொல்லச் சொன்னாள் டாக்டரம்மா. இவர் இரண்டு சொன்னார். செருப்பு, கடுகு. வீட்டுக்கு வந்ததும் வெள்ளத்தாய் மற்ற மூன்றையும் சொன்னாள், அவள் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், கண் இல்லாதவளுக்குக் காது ஒன்றுக்கு இரண்டு. தாமரை, செருப்பு, கடுகு, ஏணி, பச்சை. அதிலிருந்து தினமும் காலையில் காபி ஆற்றும்போது ஒப்பிக்க வைத்தாள். "சொல்லுங்க பாப்போம்." "ஒனக்கு வேற வேலை இல்லையா." "சொன்னாத்தான் காபி." சொல்வார். தப்பே வராது. பிள்ளையார் கோயில் பக்கம் நடக்கும்போதும் சொல்லிக்கொள்வார், தாமரை செருப்பு கடுகு ஏணி பச்சை, மந்திரம் மாதிரி. பரீட்சைக்குப் போகும் பையன் மாதிரி இன்று வந்து உட்கார்ந்தார். டாக்டரம்மா கேட்டதும் தொண்டையைச் செருமிக்கொண்டு, கோர்ட்டில் கூப்பிடுகிற குரலில், நிறுத்தி நிறுத்தி ஐந்தையும் சொன்னார். சொல்லிவிட்டு வெள்ளத்தாய் பக்கம் திரும்பினார். அவள் முகம் செத்துப் போயிருந்தது. டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டுச் சொன்னாள். "ஐயா, அது போன வருஷம் சொன்னதுங்க. இன்னிக்கு நான் சொன்னது வேற." இன்றைக்கு என்ன சொன்னாள்? இப்போதும் வரவில்லை. ஒன்று கூட. சொன்னாளா என்பதே தெரியவில்லை. ஜெயக்கொடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்குச் சிரிப்பு வந்திருக்கலாம். அழுகையாகவும் இருக்கலாம், முதுகை வைத்து என்ன கண்டுபிடிக்க முடியும்.

முதுகைக் காட்டிக்கொண்டுதான் அன்றைக்கும் பேச்சைக் கேட்டார். பொங்கல் முடிந்து, மகனும் மகளும் ஊருக்குக் கிளம்புகிற அன்று, கொல்லைப் பக்கம். "அப்பாவ நான் கூட்டிட்டுப் போறேன்க்கா. நீ அம்மாவ வச்சுக்க. ஒருத்தரா இருந்தாப் பாத்துக்கலாம், ரெண்டு பேரையும் ஒரே வீட்டுல வச்சு முடியாது." "அப்பா ஒத்துக்கிறணுமேடா." "டாக்டர் சொல்லிட்டா ஒத்துக்கிட்டுத்தான் ஆகணும்." தப்பாகப் பேசவில்லை. பிள்ளைகள் பாசமாகத்தான் பங்கு வைக்கிறார்கள். மகன் வீடு திருப்பூர் ஒரு பக்கம், மகள் வீடு சிவகாசி ஒரு பக்கம். நல்ல நாள் பெரிய நாளில் பார்த்துக்கொள்ளலாம். அது வரைக்கும் போனில் காதைக் கொடுத்து, சாப்பிட்டியா, சாப்பிட்டேன், நீங்க, ம். பேர் மறந்துகொண்டே போகும்போது வெறும் குரலை வைத்து ஒரு பெண்சாதியை எவ்வளவு நாள் ஞாபகம் வைத்திருக்க முடியும்? இந்த இடத்தில்தான் முட்டுகிறது. வேறு எதையாவது நினை. நினைக்காதே. கூட்டல் குறி. ஆலங்கட்டி. அவர் பார்ப்பதால்தான் அவள் இருக்கிறாள். காலையும் ராத்திரியும் சர்க்கரைக்கு ஊசி, அவர்தான். மருந்தை ஊசியில் ஏற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, குமிழைச் சுண்டி, அளவைப் பார்த்து. கண் இல்லாதவளால் முடியாது. ஆகவே அவர் அவளுக்கு வேண்டும். ஆகவே பிரிக்க முடியாது. இதைத்தான் மகனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். "நான் இல்லாட்டி ஒங்கம்மாவுக்கு ஊசி யாருடா போடுவா?" இந்த ஒரு ஊசியின் மேல்தான் வீடு நிற்கிறது. அந்த ஊசி.

மாசி மாதம். மகள் போன் பேசிவிட்டு வைத்த சாயங்காலம். போனில் சிவகாசிப் பேச்சுத்தான், அம்மா நீ என்கிட்ட வந்துரு. வெள்ளத்தாய் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இவர் ஊசியை எடுத்துக்கொண்டு போனார். வயித்தக் காட்டு என்றார். அவள் உடனே காட்டவில்லை. முகத்தை இவர் பக்கம் திருப்பினாள், பார்ப்பது போல. ஒரு கணம்தான். பிறகு சேலையை ஒதுக்கி, "போடுங்க" என்றாள். போட்டார். சாப்பிட்டார்களா? ஏதோ சாப்பிட்டார்கள். அப்புறம் கொஞ்ச நேரத்தில் அவள் உடம்பெல்லாம் வேர்வை, கை நடுக்கம், நாக்குக் குழறல், சேலை நனைந்து கட்டிலோடு ஒட்டிக்கொண்டது. வெல்லத்தைக் கரைத்து ஊற்றி, கன்னத்தைத் தட்டி, பேர் சொல்லிக் கூப்பிட்டு, கோர்ட்டுக் குரலில், பக்கத்து வீட்டுக்காரன் எட்டிப் பார்க்கிற அளவுக்கு. வெள்ளத்தாயீ. வந்துவிட்டாள். கண்ணைத் திறந்து முதலில் சொன்னது, "சரியாச் சாப்பிடல நான். அதான்." அதுதான் என்று இவரும் வைத்துக்கொண்டார். ஒரு ஊசி போட்டது நினைவிருக்கிறது. ஒன்றுதான் நினைவிருக்கிறது. இரண்டாவது இருந்தால் அது இருக்கும் இடம் தெரிய வேண்டுமே, பத்திரிகையில் மருமகள் பேர் மாதிரி ஒரு வெற்றிடமாவது. அதுவும் இல்லை. வழவழவென்று இருக்கிறது அந்தச் சாயங்காலம். ஆனால் மறுநாள் கூட்டும்போது கட்டிலுக்கு அடியில் பஞ்சு கிடந்தது. இரண்டு துண்டு. இரண்டிலும் புள்ளியாக ரத்தம். ஒன்று காலையில் போட்டதாக இருக்கும். காலை ஊசி சமையற்கட்டில். காலைப் பஞ்சு அடுப்படிக் கூடைக்குப் போகும். அப்போ ஒன்று முந்தின நாள் ராத்திரியோடது. முந்தின நாளும் கூட்டியாயிற்றே. இதற்கு மேல் போனதில்லை. இங்கே வந்ததும் எழுந்து போய் மோட்டாரைப் போடுவார், செடிக்குத் தண்ணீர் விடுவார், எதையாவது திட்டுவார். இப்போது எழுந்து போக முடியவில்லை. தலை கூண்டில் இருக்கிறது. பந்தை அமுக்கினால் வெளியே இழுத்துவிடுவார்கள். விரல்கள் பந்தைச் சுற்றி இறுகின. அமுக்கவில்லை. அவள் உடனே காட்டவில்லை. அந்த ஒரு கணம். ஏன் தாமதித்தாள்? ஊசி அவளுக்குப் புதிதா? முகத்தைத் திருப்பினாளே, என்ன பார்த்தாள், கண்தான் இல்லையே. ஒன்றும் பார்க்கவில்லை. யோசித்தாள். இப்பத்தான போட்டீங்க என்று சொல்வதா வேண்டாமா என்று யோசித்தாள். சொன்னால் இந்த மனுசன் முகம் என்னவாகும் என்று யோசித்தாள், சிவகாசியை யோசித்தாள், திருப்பூரை யோசித்தாள். யோசித்துவிட்டுச் சேலையை ஒதுக்கினாள். போடுங்க. தெரிந்தே. மறந்துட்டீங்க என்று ஒரு வார்த்தை சொல்லாமல் இருப்பதற்காக அந்த ஊசியை வாங்கிக்கொண்டாள். அடிப்பாவி. ஆலங்கட்டி நின்றுவிட்டது. அடிப்பாவி, மறுபடி போட்டாலும் காட்டுவாய். மூன்றாவது தடவை போனாலும் காட்டுவாய். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் காதுப் பஞ்சுக்குள் போனது. துடைக்க முடியாது. ஆடக் கூடாது.

"முடிஞ்சிருச்சுங்கய்யா. நல்லா ஒத்துழைச்சீங்க." தட்டு வெளியே வந்தது. கூண்டைக் கழற்றிவிட்டு அந்தப் பெண் முகத்தைப் பார்த்தாள். "என்னங்கய்யா, பயந்துட்டீங்களா? எதையும் நினைக்காம இருந்தீங்கள்ல?"

"இருந்தேன்," என்றார் குருவையா. "வேட்டி எங்க?"

டாக்டரம்மா அறையில் மூன்று நாற்காலி. வெள்ளத்தாய் நடுவில். படம் வர நேரமாகும், அதற்குள் வீட்டு ஆட்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன என்றாள் டாக்டரம்மா. வெளியே போனால் வழி தவறுகிறாரா. இல்லை என்றாள் வெள்ளத்தாய். அடுப்பை அணைக்க மறக்கிறாரா. இல்லைங்க. மருந்து மாத்திரை விஷயத்தில் ஏதாவது.

"அதெல்லாம் கோர்ட்டு மணி மாதிரிங்க. எனக்கு ஊசியே அவர்தான் போடுறாரு. ஒரு நாள் பிசகுனது இல்ல."

ஜெயக்கொடி தலையாட்டினான்.

"பிசகிருச்சு," என்றார் குருவையா.

வெள்ளத்தாயின் கை இருட்டில் தேடுவது போல அவர் பக்கம் வந்தது. "என்னங்க, சும்மா இருங்க."

"மாசி மாசம். ரெண்டு தடவை போட்டுட்டேன். செத்துப் பொழைச்சா."

"என்னப்பா சொல்றீங்க?" ஜெயக்கொடி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். "எங்ககிட்டச் சொல்லவே இல்ல?"

"இல்ல டாக்டர், நம்பாதீங்க!" வெள்ளத்தாயின் குரல் உயர்ந்தது. அவள் டாக்டரம்மா இருக்கும் திசையைத் தப்பாகக் கணித்து, சுவரைப் பார்த்துப் பேசினாள். "உள்ள போய்ட்டு வந்து கொழம்பிப் போய்ப் பேசுறாரு. ரெண்டு தடவை போட்டது அவருக்கு எப்படிங்க தெரியும்? மொதல்ல போட்டதுதான் அவருக்கு ஞாபகமே இல்லையே!"

அவள் வாய் திறந்தபடியே இருந்தது. பிறகு சேலைத் தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டரம்மா எழுதவில்லை, எழுதாமல் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்காததைச் சாட்சி சொல்லக் கூடாது என்று முப்பத்து நாலு வருடம் கேட்டுக்கொண்டே வாசலில் நின்றவர் குருவையா. சொல்லியாகிவிட்டது. சாட்சியாக அவளும் சொல்லிவிட்டாள்.

"ஜெயக்கொடி."

"சொல்லுங்கப்பா."

"இனி ஊசி நான் தொட மாட்டேன். யார வச்சுப் போடுவியோ, எந்த ஊருல வச்சுப் போடுவியோ, அது ஒன் பாடு. ஆனா ஒரே வீட்டுல. ஒங்கம்மா ஒரு எடம், நான் ஒரு எடம்னு பேசாத. பேசுனீன்னா நான் எங்கிட்டும் வரல."

"நான் எப்பப்பா அப்படி..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். நெற்றியைத் தேய்த்தான். அம்மாவின் மடியிலிருந்த பையை மெல்ல எடுத்து, ஊசி இருந்த டப்பாவைத் திறந்து, எதற்கென்று தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றான். "இன்னிக்கு ராத்திரி நான் போடுறேன். நாளைக்கும் இருக்கேன். அப்புறம் பேசுவோம். எவ்வளவுப்பா ஏத்தணும்?"

"ராத்திரிக்குப் பன்னெண்டு பாயிண்டு."

உடனே வந்துவிட்டது பதில், தடங்கல் இல்லாமல். ஆனால் மகன் அதை வாங்கிக்கொள்ளவில்லை. அவன் கண் அவரைத் தாண்டி அம்மாவிடம் போய் நின்றது. அப்படித்தான் இனி. தண்ணி குடிச்சேன் என்றாலும் அந்தக் கண் ஒரு தடவை அங்கே போய்த் திரும்பும். வெள்ளத்தாய்க்குத் தெரியவில்லை. அவள் தலைப்பால் வாயைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தாள்.

"ஏய்," என்றார் குருவையா. "அவன் ஒன்னைத்தான் பாக்குறான். சொல்லு."

அவள் தலைப்பை இறக்கினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பா சொன்ன அளவுதான்டா," என்றாள்.